தங்கச்சி பெயரில் ஒரு வீடு

ஜூன் 3

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே? வீட்டில் போன் எடுத்தால் மாமியார், நாத்தனார் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள் என்றாயே, அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

விடுதிக் கட்டிலை விட்டு ஒருவழியாகக் குடி வந்துவிட்டேன். ஏணி, பெயிண்ட் வாளி, ரோலர் எல்லாம் பின்பக்க பால்கனியில். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. உன் கையெழுத்துக்குக் கிடைத்த வீடு நன்றாக இல்லாமல் போகுமா?

நான் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினேன் என்று உனக்குத் தெரியும். "என்ன வேலை பாக்குறீங்க?" "பெயிண்டிங் காண்ட்ராக்ட், சொந்தமா எடுத்துச் செய்றேன்." அவ்வளவுதான், முகம் மாறிவிடும். "சம்பளச் சீட்டு இல்லியா? வேலை இல்லாத மாசம் என்ன பண்ணுவீங்க?" போன வருஷம் ஒருவர் வீட்டுக்கு நானேதான் பெயிண்ட் அடித்தேன். "உங்க வேலை சுத்தம்தாங்க, ஆனா வாடகைன்னா..." என்று இழுத்தார். இந்த வீட்டைக் கேட்க நீ கூட வந்தாய், ஆபீஸ் அட்டையை மேசைமேல் வைத்தாய், உடனே காபி வந்தது. பக்கத்தில் நானும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன் என்பது வீட்டுக்கார அம்மாவுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எனக்காகத்தான் நீ கையெழுத்துப் போட்டாய். அந்த நன்றி இருக்கிறது. அந்தக் காபியும் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

தபால் பெட்டியில் வீட்டுக்கார அம்மா உன் பெயரை ஒட்டியிருக்கிறார். நேற்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிறார்: "நீங்க எத்தன நாள் இருப்பீங்க?" நான் விருந்தாளியாம்! உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டே வாசித்தேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு காபிக்கா இத்தனை பாடு? காகிதத்தில்தானே நான், இருப்பது நீ.

ஹாலில் காலை வெயில் எதுவரை வருகிறது? சமையலறை அலமாரியில் என்ன வைத்தாய்? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? எதையும் விடாமல் எழுது.

இங்கே எல்லாம் வழக்கம்போல். ஜன்னல் திரைகளை மாற்றினார்கள், அரக்கு நிறம். எனக்கு அரக்கு பிடிக்காது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை போன் செய்தார். என்னிடம் பிரியமாகத்தான் பேசுகிறார். நீ கொஞ்சம் சிரித்துப் பேசிப் பார் அக்கா.

உன் சின்னக்குட்டி


ஜூலை 20

சின்னக்குட்டிக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதித்தான் அடித்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்.

போன வாரம் ஹால் சுவருக்குப் பெயிண்ட் அடித்தேன். இளம் பச்சை, நானே கலந்தது. ஊரார் சுவருக்கெல்லாம் அவரவர் சொன்ன நிறத்தை அடித்தே இத்தனை வருஷம் போய்விட்டது. ஒரு சுவராவது எனக்குப் பிடித்த நிறத்தில் இருக்கட்டுமே என்று ஆசை. கேட்டிருக்க வேண்டும்தான், கேட்கவில்லை. குடியிருப்பவள் நான்தானே என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா மேலே வந்தார், பார்த்தார். என் எதிரிலேயே ஸ்பீக்கரில் உன்னைக் கூப்பிட்டார். "கண்ணு, உங்க அக்கா சுவரப் பச்சையாக்கிட்டாங்க. உனக்குச் சம்மதமா?"

அக்காவையே கேளுங்க என்று நீ சொல்லியிருக்கலாம். நீ யோசித்தாய். நிதானமாக யோசித்துவிட்டு, "வெள்ளையே இருக்கட்டும்மா, வெளிச்சமா இருக்கும்" என்றாய்.

எனக்குப் பிழைப்பே பெயிண்ட். ஆபீசில் நாற்காலியைத் தேய்க்கிற நீ எனக்கு நிறம் சொல்கிறாய்! அந்த அம்மா ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார். மறுநாளே வெள்ளை அடித்துவிட்டேன். பச்சை தெரியக் கூடாதே என்று மறுபடியும் ஒரு தடவை அடித்தேன்.

பொறாமைதான் எனக்கு. ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? உனக்குக் கதவு திறக்கிறது, நாற்காலி வருகிறது, நீ சொன்னால் எடுபடுகிறது. வயிறு எரிகிறது.

நான் வழக்கமாகப் பெயிண்ட் வாங்குகிற கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கடைக்காரர் சம்பளச் சீட்டு கேட்கவில்லை. "உங்களத் தெரியாதாக்கும் எனக்கு!" என்றார். ஒப்பந்தத்தில் என் பெயர். மாதக் கடைசியில் போகிறேன். உன் வீட்டை நீயே காலி செய்துகொள்.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு அந்த அம்மா "உனக்குச் சம்மதமா" என்று கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சுவரைப் பற்றியும் யாரும் என்னைக் கேட்டதில்லை. உன் ஞாபகமே வரவில்லை அக்கா. அதுதான் உண்மை. வெள்ளைச் சுவரில் வெயில் விழுவதுதான் கண்முன்னால் வந்தது, வாய் அதையே சொல்லிவிட்டது.

உனக்கு என்மேல் பொறாமையா? நல்ல கூத்து. நீ வீட்டுக்குள் நுழைந்ததும் தாழ் போட்டுக்கொள்வாய். நான் தாழ் போடுகிற கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வீட்டில் மனசுக்குள் சாமான் அடுக்கிக்கொண்டே வருவேன், உன் வாளிகளை ஓரம் தள்ளிவிட்டு. உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தது எனக்காக.

வீட்டைக் காலி செய்யப்போவதில்லை. ஒன்றாம் தேதி நான் அங்கே போகிறேன். என் கணவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்குடி தனி வீடு?" என்றார். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி வைத்தேன்.

நீயும் என்னோடு இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மனசு வரவில்லை. கொஞ்ச நாள் அங்கே நான் மட்டும் இருக்கிறேன் அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

உன் சின்னக்குட்டி


ஆகஸ்ட் 5

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்றால் கோபம் வராதா? வந்தது. வேலையாட்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். நீ அந்த ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நீ கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம்.

தனி வீடு எதற்கு என்று என்னையும்தான் கேட்டார்கள், பார்க்கிறவர்கள் எல்லாரும். நானும் பதில் சொன்னதில்லை. அவரிடம் நீயும் சொல்ல வேண்டாம்.

என் அறை சின்னது. கீழே கடையில் டின் குலுக்குகிற சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடும். ஆள் உட்கார இடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. இத்தனை வருஷத்தில் நான் உன்னை என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதே இல்லை, கவனித்தாயா? கூப்பிட வீடு இருந்ததில்லை. இப்போது கூப்பிடுகிறேன். வா, உட்கார், வயிறாரச் சாப்பிடு. எது எங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் வாயைத் திறக்காதே.

உன் அக்கா