ஹோல்கருக்குத் தெரியக்கூடாது

அக்டோபர் 11, 2022, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஆற்றங்கரையில் ஈ காக்காய் இல்லை. குடிக்க ஆள் வராவிட்டால் எனக்குக் காலி பாட்டில் எங்கிருந்து வரும்? மூன்று மணி நேரம் நடந்ததற்கு ஒன்பது கிடைத்தது. இடது காலணிக்குள் தண்ணீர் போய்விட்டது.

குடை பிடித்து வந்த ஒரு மனிதர் மட்டும் இரண்டு பியர் பாட்டில்களைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார். உள்ளே போட்டால், காலி பாட்டிலைக் கடையில் கொடுத்துக் காசு வாங்குகிற என்னைப் போன்றவர்கள் குப்பைக்குள் கைவிட்டு எடுக்க வேண்டியிருக்கும். அதனால் இந்த ஊரில் நல்ல மனிதர்கள் அப்படித்தான் வெளியே வைப்பார்கள். வைக்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதுவும் மரியாதையில் சேர்த்தி. எனக்கும் அவர்கள் முகம் வேண்டாம், பிடரி போதும். நாற்பத்தோரு வருடம் மியூனிக்கில் முடி வெட்டிப் பிழைத்தவள் நான். இவர் போனது விலை அதிகமான கடைதான், ஆனால் வெட்டியவனுக்குக் காதோரம் கை நடுங்கியிருக்கிறது.

வீட்டிலிருந்து ஆறு ஸ்டேஷன் தள்ளித்தான் பொறுக்குகிறேன். தொப்பி, தோல் கையுறை, நல்ல கோட்டு. பார்ப்பவர்களுக்கு நான் உலாவப் போகிற ஓய்வூதியக்காரி. ஓய்வூதியக்காரிதானே! அதுதானே பிரச்சினை.

அக்டோபர் 14, வெள்ளி

வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம். எரிவாயு விலை ஏறிவிட்டதால் டிசம்பரிலிருந்து வாடகையோடு மாதம் நூற்று முப்பது யூரோ கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். "தங்கள் புரிதலுக்கு நன்றி" என்று முடித்திருக்கிறார்கள். நான் எங்கே புரிந்துகொண்டேன்?

இப்போதே வாடகை போக மிஞ்சுவது சாப்பாட்டுக்கு இழுபறி. வெண்ணெய் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். என் கணவர் டீட்டர் உயிர் போனதும் இங்கேதான். இதை விட்டால் இந்த ஊரில் எனக்கு ஒரு புறாக்கூடுகூடக் கிடைக்காது.

அக்டோபர் 16, ஞாயிறு

ஹோல்கர் ஆக்ஸ்பர்க்கிலிருந்து கூப்பிட்டான். என் ஒரே பிள்ளை. ஞாயிறு பதினொரு மணிக்குத் தவறவே மாட்டான்.

"வீட்ட நல்லா சூடா வச்சுக்கிறியாம்மா?"

"வேர்க்குதுடா. ஜன்னலத் திறந்து வச்சிருக்கேன்."

"நீ ஒருத்தி!"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் அப்போது இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

அரசாங்க உதவிக்கு எழுதிப் போடலாம். வயதானவர்களுக்கென்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது அவள் பணம் போதாமல் மிச்சச் செலவை அரசு கொடுத்தது. கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து வசூலித்தது. நாலு வருடம். வருடா வருடம் சம்பளச் சீட்டு கேட்டுக் கடிதம் வரும்; டீட்டர் அதைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுக் கத்துவார். ஹோல்கருக்கு அப்போது பதினாறு வயது. வகுப்பே இத்தாலிக்குச் சுற்றுலா போனது, அவன் போகவில்லை. அம்மா சாகும்வரை என்னைப் பார்த்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்டாள்.

அந்தக் கடிதம் என் பெயரைச் சொல்லி என் பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது. போகவே கூடாது. விவாகரத்துக்குப் பிறகு இப்போதுதான் மூச்சு விடுகிறான்.

அக்டோபர் 29, சனி

கால்பந்துப் போட்டி. மைதானத்துக்குப் போகும் ரயில் நிலைய வாசலெல்லாம் பாட்டில். சண்டையும்தான். சைக்கிளுக்குப் பின்னால் வண்டி கட்டிய ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், பாட்டில் பொறுக்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா? கையுறையெல்லாம் பலமா இருக்கே."

"உங்க தலைமுடிய வெட்டி எத்தன மாசமாச்சு? குருவி வந்து முட்டை வைக்கப்போகுது."

விழுந்து விழுந்து சிரித்தார். பெயர் லோத்தர். லாரி ஓட்டியவராம். "இந்தப் படிக்கட்டு என்னுது, அந்தப் படிக்கட்டு உங்களுது" என்று எல்லை பிரித்துக் கொடுத்தார். என் படிக்கட்டில்தான் அதிகம் கிடைத்தது. தெரிந்தே கொடுத்தாரா என்று கேட்கவில்லை.

நவம்பர் 10, வியாழன்

மாட்டிக்கொண்டேன். சூப்பர் மார்க்கெட்டில், காலி பாட்டிலைப் போட்டால் காசுக்குச் சீட்டு தரும் இயந்திரத்துக்கு முன்னால், இரண்டு பெரிய பைகளோடு. பின்னால் மூன்றாம் மாடி இர்ம்கார்ட். மாதம் ஒரு முறை என் சமையலறையில் உட்காரவைத்து முடி வெட்டிவிடுகிறேனே, அதே இர்ம்கார்ட்.

"அடேயப்பா ரோஸ்விதா! இவ்வளவும் குடிச்சது யாரு?"

"ஹோல்கர் நண்பர்களோட வந்திருந்தான். ஒரே கூத்து."

"சத்தமே கேக்கலையே."

"கெட்டிக்காரப் பசங்க. சத்தமில்லாம குடிப்பாங்க."

நம்பினாளா? இயந்திரம் தந்த சீட்டை எடுக்காமலே ஓடி வந்துவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனால் சீட்டு இல்லை. அந்தச் சீட்டை வைத்துத்தான் ரொட்டி வாங்க இருந்தேன். முட்டாள் கழுதை, முட்டாள் கழுதை.

இர்ம்கார்டிடம் ஹோல்கரின் நம்பர் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் சொல்லட்டும் என்று நானேதான் கொடுத்தேன்.

நவம்பர் 24, வியாழன்

பகல் முழுக்க நகர நூலகம், அங்கே சூடு இலவசம். ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கியவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர்.

டிசம்பர் 2, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஹோல்கர் வருகிறானாம். ஏன் திடீரென்று? இர்ம்கார்ட் போட்டுக்கொடுத்துவிட்டாளா?

ஹீட்டரை இன்றே திறந்துவிட்டேன். ஆறு வாரமாகக் குளிர்ந்து கிடக்கும் சுவர் ஒரு நாளில் சூடாகாது. படுக்கையறை மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அலமாரியை நகர்த்தி மறைத்தேன். முதுகு போச்சு.

டிசம்பர் 4, ஞாயிறு

வந்தான், போய்விட்டான். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் செய்திருந்தேன். மூன்று தடவை போட்டுக்கொண்டான். மிச்சத்தை டப்பாவில் போட்டுத் தரச் சொன்னான். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? முடி மட்டும் காலருக்குக் கீழே தொங்கியது. "உக்காருடா, பத்து நிமிஷம்" என்றேன். அடுத்த தடவை பார்க்கலாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றான். கார் என்ன ஆயிற்று என்றால், பனியில் எவன் ஓட்டுவான் என்கிறான்.

கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். போகவில்லை. ஏதோ கேட்க வாயெடுப்பதுபோல் இருந்தது. இதோ கேட்கப்போகிறான், பாட்டில் விஷயத்தைக் கேட்கப்போகிறான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. உன் வீடு நல்லா சூடா இருக்கு."

தப்பித்தேன். பாவம், தனி ஆம்பளை. கவனிக்க ஆளில்லாமல் அலங்கோலமாகத் திரிகிறான்.

டிசம்பர் 5, திங்கள்

ஹீட்டரை மூடினேன்.

ஜனவரி 3, 2023, செவ்வாய்

டிசம்பர் வாடகையை எப்படியோ கட்டிவிட்டேன். ஜனவரிக்கு வழியில்லை. இந்தக் குளிரில் யார் வெளியே நின்று பியர் குடிக்கிறார்கள்? நிர்வாகத்துக்குப் போன் செய்து, வங்கியில் ஏதோ கோளாறு என்று சொல்லிவைத்தேன். எழுபத்தொரு வயதில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைபோலப் பொய் சொல்கிறேன்.

ஜனவரி 17, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. பிப்ரவரி வாடகையும் வராவிட்டால் வீட்டைக் காலிசெய்ய நோட்டீஸ் விடுவார்களாம். கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்? இங்கே நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

ஜனவரி 19, வியாழன்

நிலையத்தில் லோத்தர் காபி வாங்கிக் கொடுத்தார். கோப்பையின் சூடு கைக்குப் பட்டதும் என்ன ஆனதோ, கடிதம், வாடகை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அப்ப நீங்க உதவிப்பணம் வாங்கலையா? நான் வாங்குறேனே மேடம். பாட்டில் வெறும் சிகரெட்டுக்கு."

"வாங்கினா என் பையன் கழுத்தப் பிடிப்பாங்க."

"பையன் வருஷத்துக்கு லட்சம் யூரோ சம்பாதிக்கிறானா?"

"கிடங்குல பெட்டி தூக்குறான்."

"அப்ப அவன் பக்கமே போகமாட்டாங்க. லட்சத்துக்கு மேல சம்பாதிக்கிற பிள்ளைங்ககிட்டதான் கேப்பாங்க. என் பொண்ண ஒரு வார்த்தை கேக்கலையே."

"உங்களுக்கு என்ன தெரியும்? எங்கம்மாவுக்காக எங்ககிட்ட பிடுங்கினாங்க. கண்ணால பாத்தவ நான்!"

கத்திவிட்டேன். நிலையமே திரும்பிப் பார்த்தது. லோத்தர் கோபப்படவில்லை. "அது எந்தக் காலம்?" என்று மட்டும் கேட்டார். நான் ரயிலேறிவிட்டேன்.

1992. அது 1992.

ஜனவரி 24, செவ்வாய்

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி, மூன்றாம் முறை உள்ளே. நரைத்த முடியை அழகாகக் கத்தரித்திருந்த ஒரு பெண். அந்தத் தலையைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உங்க மகன ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றாள். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள். ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்றேன். எழுதினாள். முத்திரையும் வேண்டும் என்றேன், குத்தினாள்.

"எப்பலேர்ந்து இந்தச் சட்டம்?"

"வயசானவங்க உதவிக்கு இருபது வருஷமா இதுதாங்க."

"அப்ப நான் கேக்காம விட்ட வருஷங்களுக்கு?"

"அது வராதுங்க. என்னிக்கு எழுதிக் குடுக்கிறீங்களோ அந்த மாசத்துலேர்ந்துதான்." பேனாவை மூடிவிட்டு, "மன்னிச்சிருங்க" என்றாள். அவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஜனவரி 25, புதன்

தூங்கவில்லை. ஓய்வு பெற்று ஆறு குளிர்காலம். ஆறு! யாரைத் திட்டுவது? அரசாங்கத்தையா? அது எங்கேயோ அச்சடித்துத்தான் வைத்திருக்கிறது. டீட்டரையா? செத்துப்போனவரை என்ன திட்டுவது? என்னைத்தான். ஊரில் இருக்கிற தலையெல்லாம் என் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உலகத்து நியாயம் பேசியதே, ஒருத்தியிடமாவது கேட்டேனா? கேட்டால் என் நிலைமை தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு கேள்விக்கு ஆறு வருடக் குளிர்.

கோபம் வந்தால் உடம்பு சூடாகிறது. அதுவாவது லாபம்.

ஜனவரி 30, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதம் முடிய ஒரு நாள் முன்னால். பிள்ளைகள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. "கிடங்குத் தொழிலாளி" என்று எழுதினேன். முத்திரை குத்திய தாள் கைப்பையில்தான் இருந்தது, இருந்தும் எடுத்து இன்னொரு முறை படித்தேன். வீட்டு நிர்வாகத்துக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று ஆலோசனைப் பெண்ணே எழுதியிருக்கிறாள்.

லோத்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம், முடிய வெட்டி விடுங்க" என்றார். நிலையத்து பெஞ்சில் உட்காரவைத்தே வெட்டிவிட்டேன். உள்ளே ஒரு நல்ல தலை இருந்திருக்கிறது.

பிப்ரவரி 22, புதன்

வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து உதவிப்பணம், வாடகையும் வெப்பச் செலவும் சேர்த்து. கடிதத்தை நின்றுகொண்டே நாலு முறை படித்தேன். ஹோல்கர் பெயர் அதில் எங்கேயும் இல்லை. வெண்ணெய் வாங்கினேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

அவன் கூப்பிடுவதற்கு முன் நானே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், நூலகம், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பூஞ்சை, எதையும் விடவில்லை. குரல் உடையவில்லை, அதில் எனக்கே கொஞ்சம் கர்வம். அழுவான், இல்லாவிட்டால் கத்துவான் என்று நினைத்தேன். ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா... அந்த ஆபீஸ்ல, பிள்ளை போய்க் கேட்டா, பெத்தவங்ககிட்ட வசூல் பண்ண வருவாங்களா?"

"யாருடா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாட்டிக்காக நம்ம வீட்டுக்கு வந்துச்சே, அந்தக் கடிதம். அதே மாதிரி உனக்கு வந்துடுமோன்னு..."

"எத்தன நாளா?"

"ஆகஸ்ட்லேர்ந்து பாதி நேர வேலைதான் தர்றாங்க. காரை வித்துட்டேன். போன வாரம் கரண்ட்டையும் துண்டிச்சுட்டாங்க."

டிசம்பரில் வாசலில் நின்றானே. கேட்கத்தான் வந்திருக்கிறான். வீடு சூடாக இருப்பதைப் பார்த்து, அம்மாவாவது நன்றாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான். நான் அன்றைக்குத் தப்பித்தேன் என்று எழுதிவைத்திருக்கிறேன். கடவுளே.

திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

"வருவாங்களான்னு எனக்குத் தெரியாதுடா. போய்க் கேப்போம். சொன்னத எழுத்துல வாங்குவோம்."

"நாளைக்கேவா?"

"நாளைக்கேதான். சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு, எல்லாத்தையும் எடுத்து மேஜை மேல வை."

காலை ஆறு ஐம்பதுக்கு ரயில். ஆக்ஸ்பர்க்கில் அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கிறது. பிப்ரவரி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.