மீன் தொட்டிக்குப் போன தண்ணீர்

செவ்வாய், 21 ஏப்ரல் 2009. லோத்குண்டா.

மீன் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்புவதற்குக் கடையில் இரண்டு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்று பக்கத்தில் வைக்கும் பக்கெட்டிலிருந்து எடுக்கும். மற்றது நேராகக் குழாயில் மாட்டுவது.

"பக்கெட் வச்சதே வாங்குங்க. எவ்வளவு தண்ணி போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும்" என்றாள் என் மனைவி வித்யா.

தினமும் யார் பக்கெட்டை நிரப்புவது என்று நான் குழாயில் மாட்டுவதை வாங்கினேன். தொட்டி நிறைந்தால் தரை நனையக்கூடாதென்று, வழிகிற தண்ணீர் பாத்ரூமுக்குப் போக ஒரு டியூபும் விட்டேன். பெரிய மூளை.

இன்று மாலை பார்த்தால் அந்த டியூபில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மிதவை பாசியில் சிக்கி, வால்வு மூடவே இல்லை. அபார்ட்மெண்டுக்கே இரண்டு நாளைக்குப் போதுமான டேங்கர் தண்ணீர், கடந்த பத்து நாளாக, ஒரே நாளில் தீர்ந்துகொண்டிருந்தது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் கூட்டத்தில், வாட்ச்மேன் மனைவி எல்லம்மா வெளியார் துணியையும் இங்கே துவைக்கிறாள் போல என்று சொன்னது நான்தான். அன்றே அவள் வீட்டுக் குழாயை அடைத்துவிட்டார்கள்.

வால்வை மூடிவிட்டு, செக்ரட்டரியிடம் சொல்லக் கீழே இறங்கினேன். எல்லம்மா தெருவிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நாங்கள் ஊருக்குப் போனால் மீன்களுக்குத் தீனி போடுவது அவள்தான். குடத்தை இறக்காமலே, மீன்கள் நன்றாக இருக்கின்றனவா என்று தெலுங்கில் விசாரித்தாள்.

"சேப்பலு பாகுன்னாயா சார்?"

"பாகுன்னாயி" என்றேன். செக்ரட்டரி வீட்டு மணியை அடிக்காமல் மேலே வந்துவிட்டேன்.