மாரெட்பள்ளி வீட்டில் ஒரு விருந்தாளி

அன்புள்ள கலேப்,

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. நாம் விற்ற மாரெட்பள்ளி வீடு இப்போது சுற்றுலாக்காரர்கள் வரும் காபிக்கடை. உன்னைக் குறை சொல்லவில்லை, நானும்தானே கையெழுத்துப் போட்டேன்?

அந்த விலாசம் மட்டும் அப்பாவுக்கு மறக்கவில்லை. தினமும் சைனிக்புரி வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய், ஒவ்வொரு மேசையிலும் சாப்பாட்டு ஜெபம் செய்கிறார். வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள். நான் வீட்டுக்குக் கூப்பிட்டால் முதலாளி விடுவதில்லை. “நக்கோ அம்மா, வேணாம், அங்கிள் இருக்கட்டும். டூரிஸ்டுகளுக்குப் பிடிச்சிருக்கு.”

நேற்று அழைத்துவரப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா. என் வீட்டுக்காரி உள்ள காபி போடுறா, இப்ப வந்துருவா.”

உட்கார்ந்தேன். இருவரும் அவளுக்காகக் காத்திருந்தோம்.

ஜெபத்துடன்,
அம்மா