மேற்குச் சுவருக்குப் பூச்சு

செப். 13, 2003. சனி

காலையிலிருந்தே காற்று. மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது இருக்கும் என்கிறார்கள். தோட்டத்து ஆசிரியர் குவாட்டர்ஸின் மேற்குச் சுவரில் வேலை தொடக்கம்.

சாமான்: உளி, சுத்தியல், வாளி இரண்டு, மேசன் கரண்டி (தோட்டத்து ஸ்டோரில் இரவல்), சீமெந்து அரை மூடை, சலித்த மணல்.

தோட்டத்து மேசன் கொழும்பில். தீபாவளி கழித்துத்தான் வருவாராம். பதினேழு வருடமாகக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கை எனக்கு. சாந்து தொட்டதில்லை.

சுவருக்கு உள்பக்கம் மகள் தர்ஷினியின் அறை. வெளிப்பூச்சு உரிந்து, போன மழைக்குக் கட்டில் வரை ஈரம். அவளுக்கு மூச்சிழுப்பு வேறு. மே மாதம் மனைவி கமலா போய்ச் சேர்ந்ததும், அவள் தங்கை வசந்தா பிள்ளையை ஹல்துமுல்லையில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். நேற்று கொமினிகேசன் கடைத் தொலைபேசியிலிருந்து வசந்தாவோடு பேசினேன்.

"மொதல்ல சொவர சரி பண்ணுங்க மச்சான். ஈரத்துல பிள்ளய கொண்டாந்து விட மாட்டேன். அக்கா இருந்தா ராவெல்லாம் முழிச்சிருந்து பாத்துக்கும். நீங்க பாப்பீங்களா?"

சரி என்றேன். கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. நாலு மாதமாக அப்படித்தான்.

செப். 14, ஞாயிறு

பூசினேன். மு.ப. 9 முதல் 12 வரை. வீசி அடிக்க வேண்டும் என்று யாரோ சொன்ன நினைவு. பாதி சுவரில், பாதி சட்டையில்.

பி.ப. 4க்கு ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பாய் அகலத்துக்குப் பூச்சு அப்படியே கீழே.

கீழே தொழிலாளர் லயத்து லெட்சுமி தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு போனவர் நின்றார். என் வயதுதான் இருக்கும். கொழும்பில் இரண்டு வருடம் மேசன்மாருக்குக் கையாளாக இருந்தவர்.

"என்னாங்க சேர், சொவர நனைச்சீங்களா?"

"இல்ல."

"பழைய பூச்சுல ஆடுறத எல்லாம் தட்டி எடுத்தீங்களா?"

"முக்கால்வாசி எடுத்தேன்."

"அப்ப எப்புடி நிக்கும்? காஞ்ச சொவரு சாந்துத் தண்ணிய எல்லாம் உறிஞ்சிப்புடும். மறுபடி தட்டுங்க. பொக்குன்னு சத்தம் வர்ற எடத்த ஒண்ணு விடாம தட்டுங்க. சனிக்கிழம வாறேன்."

விழுந்ததை அள்ளிக் கொட்டினேன். சாப்பாடு: பாண், வாழைப்பழம்.

செப். 16, செவ்வாய்

ஆறாம் வகுப்பில் பின்னம். கரும்பலகையில் பாதி எழுதியிருந்தேன். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்து, "சேர், கையில ரத்தம் வருது" என்றாள். சுண்ணக்கட்டி சிவப்பாக இருந்தது. விரல் நுனி வெடித்திருக்கிறது. சீமெந்து தின்றது. வலி தெரியவில்லை.

பாடசாலை அதிபர் கேட்டார்: "லீவு வேணுமா?" வேண்டாம் என்றேன். லீவு எடுத்து என்ன செய்ய.

செப். 17, புதன்

பாடசாலை விட்டு வந்து தட்டல். காதை வைத்து, தட்டி, காதை வைத்து. நல்ல இடத்தில் கல்லின் சத்தம். கெட்ட இடத்தில் பொக். ஜன்னலுக்கு மேலே வரை பொக். எல்லாம் இறக்கினேன். இப்போது வெறும் கல் தெரிகிறது.

கமலாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் பதுளை ஆஸ்பத்திரியில். இதை எழுத ஒன்றரை வரி போதுமாக இருக்கிறது.

மண்ணெண்ணெய் வாங்க.

செப். 20, சனி

லெட்சுமி 8 மணிக்கே வந்தார். முதலில் சுவர் முழுக்கத் தண்ணீர், பிறகு சீமெந்துக் கூழை விளக்குமாற்றால் பூசல். சாந்தில் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்க்கச் சொன்னார்.

"ஒரேயடியா அப்பாதீங்க. மெல்லிசா ஒண்ணு, அது எறுகுனதும் இன்னொண்ணு. கைய ஏன் இப்புடி வெறப்பா வச்சிருக்கீங்க? லேசா விடுங்க."

விட்டேன். சாந்து ஒட்டியது. மூன்றாவது வாளிக்குப் பிறகு கரண்டி தானாகப் போனது.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "கமலா அக்கா தேத்தண்ணிச் சாயம் இன்னும் கடுசா போடும்." ஆமாம் என்றேன். அந்தப் பேரை இந்த வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு நாள்.

ஏழு நாள் காலை மாலை தண்ணீர். வெயிலுக்கு ஈரச் சாக்கு.

செப். 23, செவ்வாய்

தண்ணீர் 2 தடவை. நிற்கிறது.

செப். 25, வியாழன்

ஜன்னல் மூலையில் மயிர் போல் ஒரு வெடிப்பு. கூழ் தடவினேன். தண்ணீர் 2.

செப். 26, வெள்ளி

பி.ப. 3க்கு மழை, இடியோடு. நினைத்ததற்கு முந்தியே. தர்ஷினியின் அறையில் உள்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மழை விடும் வரை நின்றேன். முக்கால் மணி நேரம். கை காய்ந்தே இருந்தது.

ஓடிப்போய் வசந்தாவுக்கு அழைப்பு. "நாளைக்கே கூட்டியாறேன்" என்றாள்.

செப். 27, சனி

11 மணி பஸ்ஸில் இருவரும். வசந்தா நேரே அறைக்குள் போய்ச் சுவரைத் தடவினாள், மோந்து பார்த்தாள். "பரவால்ல மச்சான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சமைக்கக் குசினிக்குள் போனாள்.

தர்ஷினி வெளியே நின்று பார்த்தாள். "அப்பா, சொவரு பேக்கரி பணிஸ் மாதிரி ஊதிக் கெடக்கு!"

2 மணி பஸ்ஸுக்கு வசந்தா கிளம்பினாள். பஸ் போன பிறகும் பிள்ளை முதுகுப் பையைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, நீங்க அழவே இல்லியாம். சித்தி சொன்னாங்க."

"ஆமா."

"நான் அழுதா ஏசுவீங்களா?"

"இல்லம்மா. ஏச மாட்டேன்."

பையோடேயே மடியில் ஏறி உட்கார்ந்து அழுதாள். நெடுநேரம். இழுப்பு வந்துவிடுமோ என்று மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. மழையில் நனையவில்லையே, எப்படி என்று பார்த்தேன். நான்தான்.

ராச்சாப்பாடு ரொட்டி, கட்டச்சம்பல். அவள் மூன்று. நான் இரண்டு.