எண்பத்து நான்கு கிலோமீட்டர், பதினைந்து யூனிட்

அன்புள்ள வாலு,

நாளைக் காலை பத்து மணிக்குள் நான் போய்ச் சேர்வேனா? ஒரு வாரமாக மண்டைக்குள் இதே கேள்விதான் ஓடுகிறது. பட்டம் வாங்கியவள், இருபத்து மூன்று வருஷமாகத் தண்ணீரைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவள், இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை என்று உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி இங்கே மூவரும் சுகம். நீயும் அந்த இருமல் விட்டொழிந்து சுகமாக இருப்பாய் என்று நம்பப் பார்க்கிறேன், 'போயிடுச்சும்மா' என்று போனில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாயே, அது எனக்குக் கேட்காமல் இல்லை. உன் அப்பாவுக்கு முட்டி வலி தேவலை, அதாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டுவிட்டுத் தான் நாற்காலி போட்டு விசில் ஊதுகிற அளவுக்குத் தேவலை. பக்கத்து வீட்டுச் சித்திக்கு ஒரு குறையும் இல்லை, வாய் உட்பட. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் உன் அப்பா பக்கத்திலிருந்து அதை முடித்துவைக்கிறார், அதுவும் தப்பாக, அதனால்தான் ஞாயிறு மத்தியானம் அவர் குறட்டை விடும்போது காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் புதிதாகத் திறக்கும் தண்ணீர்ச் சோதனைக்கூடத்துக்கு என்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். நாளை பத்து மணிக்குள் நேரில் போய்ப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் பட்டியலில் எனக்கு அடுத்தவருக்குப் போய்விடும், அவர் தண்ணீரை உறிஞ்சி அளக்கிற பைப்பெட் குழாயை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்னும் யோசிக்கிறவர். வீட்டிலிருந்து எண்பத்து நான்கு கிலோமீட்டர். முதல் பஸ்ஸைப் பிடித்து நடுவில் ஒரு பஸ் மாறினால் பதினோரு மணிக்குத்தான் அங்கே இறங்க முடியும். அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொள்ளேன் என்பாய், கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து எதற்குத் தனித்தனி அடுப்பு? ஆக மிச்சம் இருப்பது பல் டாக்டரிடமிருந்து நாம் வாங்கிய அந்தப் பழைய எலெக்ட்ரிக் கார்தான். அதன் பேட்டரிக்கு ஏழு வயது, முழுக்கச் சார்ஜ் ஏற்றினாலும் பதினைந்து யூனிட்தான் பிடிக்கும். வழியில் சார்ஜ் போட ஓரிடமும் கிடையாது. போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், நான் வேலை செய்யும்போது அதுவும் வயிறு நிரப்பிக்கொள்ளும், சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம். போய்ச் சேர்ந்துவிட்டால்.

போன ஞாயிறு உன் அப்பா வெள்ளோட்டம் பார்க்கக் கிளம்பினார், பக்கத்தில் நான். கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறாராம், ஏறி உட்கார்ந்ததும் ஏசியை அணைத்தார், ரேடியோவை அணைத்தார், என் போன் சார்ஜரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார், காற்று உள்ளே வந்தால் வண்டியை இழுக்கும் என்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். பிறகு தொண்ணூற்றைந்தில் விரட்டினார்! இரண்டு பேரும் வியர்வையில் குளித்துக்கொண்டு போகிறோம், சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிகிறது, அதுவரைக்கும் மிதிக்கிறார், பத்தடி இருக்கும்போது பிரேக்கில் ஏறி நிற்கிறார், பச்சை விழுந்ததும் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி பாய்கிறார். குன்றில் ஏறி இறங்கும்போது நியூட்ரலில் போட்டார். ஏன் என்று கேட்டால், 'இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா ஒரு சொட்டு செலவாகாது, முப்பது வருஷக் கை இது' என்றார். எந்தச் சொட்டு என்று நான் கேட்கவில்லை. எழுபத்தோராவது கிலோமீட்டரில் மீட்டரில் ஓர் ஆமைப் படம் வந்தது. படம் போடுகிறவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு வண்டி ஆமையாகத்தான் நகர்ந்தது, அப்புறம் அதுவும் இல்லை. ஓரமாக நின்றோம். ஒரு டிப்பர் லாரிக்காரர் இரக்கப்பட்டு நிறுத்தி, 'பெட்ரோல் தீந்துடுச்சா சார், கேன்ல இருக்கு, தரட்டுமா?' என்றார். இது கரண்ட் வண்டிப்பா என்றார் உன் அப்பா, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. அந்த மனிதர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, 'அப்ப ஒயர் இன்னும் கொஞ்சம் நீளமா வாங்கியிருக்கணும் சார்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரை ஏற்றிப்போகிற வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் நான் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், உன் அப்பா முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவேன்.

வீடு வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார். 'வண்டி ஒத்துழைக்கல. நாம என்ன பண்ண முடியும், அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடும்மா.' பரிதாபமாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் குளிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது, ஒத்துழைக்காதது வண்டியா, கையா? நான் சந்தேகப் பிராணி என்று நீயே சொல்வாய், ஒரே குவளைத் தண்ணீரை மூன்று தடவை சோதிக்காமல் நான் எதையும் நம்பியதில்லை. உன் அப்பாவிடம் சொல்லி அளந்தால் அவர் ஒழுங்காக ஓட்டிக் காட்டுவார், அது அளவே இல்லை. ஆகவே அவர் என்னை வேலைக்குக் கொண்டுவிட்டபோதெல்லாம் சத்தம் போடாமல் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். புறவழிச் சாலையைச் சுற்றிக்கொண்டு இருபத்து நான்கு கிலோமீட்டர், மூன்று நாள். நூறு கிலோமீட்டருக்கு இருபது யூனிட், இருபதரை, பத்தொன்பதே முக்கால். பிறகு அதே சாலை, அதே நேரம், டயரில் அதே காற்று, நான் ஓட்ட வேண்டும். பாரமும் ஒன்றாக இருக்க வேண்டுமே! உன் அப்பா எண்பத்தெட்டு கிலோ. அந்த இடத்தில் சித்தியை உட்காரவைத்தேன். அவள் எடையை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், சரிக்கட்ட இரண்டு பத்து லிட்டர் தண்ணீர்க் கேன் தேவைப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன், மீதியை நீ பார்த்துக்கொள்.

வாலு, எனக்கு இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை, ஆனால் அந்த மூன்று நாள் நான் இருந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அறுபதுக்கு மேல் போகவில்லை, ஏனென்றால் வேகம் கூடக் கூடக் காற்று அதைவிட வேகமாகக் கூடி எதிர்த்துத் தள்ளுகிறது. சாலையில் தூரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். விளக்கு சிவப்பா, அங்கிருந்தே காலை எடுத்துவிடுவேன். எடுத்தால் மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து மெதுவாக்கி, அந்த ஓட்டத்தைக் கரண்ட்டாக மாற்றிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது, மீட்டரில் ஒரு பச்சைக் கோடு வளர்கிறது. முழுக்கத் திரும்பி வராது, பத்தில் ஆறு, ஏழு பங்கு வந்தால் அதிகம், ஆனால் பிரேக்கைத் திடீரென்று ஓங்கி மிதித்தால் அதில் முக்கால்வாசி வெறும் சூடாகப் போய்விடும். நியூட்ரலில் போட்டால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, ஒன்றும் திரும்பாது. உன் அப்பா அந்த இறக்கம் முழுவதும் கிடைக்க வேண்டியதை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்!

முதல் நாள் சிக்னலை நோக்கி நான் ஊர்ந்துகொண்டிருந்தபோது சித்தி, 'அக்கா, சைக்கிள்காரன் நம்மள தாண்டிட்டான்' என்றாள். போகட்டும் என்றேன். 'அக்கா, திரும்பிப் பார்த்து டாட்டா வேற காட்டுறான், எனக்கு மானம் போகுது.' அதற்குள் பச்சை விழுந்தது, நான் நிற்காமலே உருண்டு அவனைக் கடந்து போனேன், சித்தி கண்ணாடியை இறக்கி அவனுக்கு இரண்டு கையாலும் டாட்டா காட்டினாள். போய் நிறுத்திப் பார்த்தால் பதிமூன்று. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சித்தி பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் பதிமூன்று, மூன்றாம் நாள் பன்னிரண்டரை. நான்காவதாக ஏசியைப் போட்டு ஒரு தடவை ஓட்டினேன், பதினாலரை ஆனது. அதாவது நாங்கள் வெந்துபோய் மிச்சம் பிடித்தது ஒன்றரை யூனிட், விரட்டி விட்டது ஆறு ஏழு யூனிட். பதிமூன்றில் போனால் பதினைந்து யூனிட்டுக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்! எண்பத்து நான்கு எந்த மூலைக்கு? கேன்களை இறக்காமலே வீட்டுக்கு வந்தோம், சித்தி வழியெல்லாம் பாட்டுப் பாடினாள், நானும் கூடவே பாடினேன், இதை நீ வெளியில் சொல்ல வேண்டாம்.

நேற்று நோட்டை உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். 'மீட்டர் பொய் சொல்லுது' என்றார். எனக்கு மட்டும் உண்மை சொல்லுமா என்றேன். 'உன்னைப் பாத்தா அதுக்கும் பயம்' என்றார். சித்தி கதவோரத்தில் நின்று, 'மாமா, நீங்க ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் பழக்குறவர், உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது' என்றாள், இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது. 'எல்லாம் சரி. நீ அளந்தது சமதரை. அந்தக் குன்றை அளந்தியா? ஏத்தத்துல ஆமை வந்துடுச்சுன்னா வளைவுல தனியா நின்னுட்டு என்ன பண்ணுவே?' என்றார். அவர் கேட்டது நியாயம்தான், வாலு. ஏறும்போது எவ்வளவு குடிக்கும், இறங்கும்போது எவ்வளவு கொடுக்கும், எதிர்க்காற்று அடித்தால் என்ன ஆகும், நான் அளக்கவில்லை. அளக்காததை நான் சொல்லவும் மாட்டேன். கூட வருகிறேன் என்றார். எண்பத்தெட்டு கிலோ என்றேன். நான் தனியாகப் போவது என்று முடிவாயிற்று. மனசுக்குள் பயம் இருக்கிறது, ஆனால் பரீட்சைக்கு முன்னால் வருகிற மாதிரி இனிப்பான பயம், அதற்கு ஏன் சிரிப்பு வருகிறது என்றும் தெரியவில்லை.

நீ காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாய் என்று தெரியும், ஒரு வாழைப்பழமாவது வாயில் போட்டுக்கொண்டு போ. அந்த அறை ஜன்னல் சரியாக மூடவில்லை என்றாயே, வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, நகல் வைத்துக்கொள். சித்தி உனக்குப் பின்னிய கம்பளிச் சட்டையில் ஒரு கை நீளமாகிவிட்டது, வந்ததும் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடு. புதன்கிழமை அப்பாவுக்குத் தனியாகப் போன் செய், முட்டியைப் பற்றி விசாரி, காரைப் பற்றிப் பேச்செடுக்காதே. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நினைத்தது நினைத்தபடி நடந்து, நிம்மதியாகத் தூங்குகிறவளாக இரு. இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா என்று ஒரே வரியில் எழுது, மழுப்பாதே.

என்றும் உன்,
அம்மா

திங்கள், சாயங்காலம் ஐந்தரை. நேற்று உறையை ஒட்டவில்லை, கைப்பையிலேயே இருந்தது. காலையில் வெளியே வந்தால் டிக்கி காலி. அதில் வருஷக்கணக்காகக் கிடந்த ஜாக்கி, மடக்கு நாற்காலி, கிரிக்கெட் மட்டைகள் எல்லாம் வாசலில் வரிசையாக இருந்தன. உன் அப்பா கைப்பம்பை வைத்துக்கொண்டு நாலு டயருக்கும் காற்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏழே முக்காலுக்கு நான் கிளம்பியபோது விசிலை எடுத்து ஊதினார், தெரு முழுவதும் எட்டிப் பார்த்தது. குன்றில் ஏறும்போது மீட்டர் என் கண் முன்னால் சரிந்தது. ஆனால் உச்சியிலிருந்து இறங்கும்போது பச்சைக் கோடு வளர்ந்துகொண்டே வந்தது, கால் எதையும் மிதிக்கவில்லை, நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் முன்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று. வளைவுகளில் தாண்ட வழியில்லை. பத்து கிலோமீட்டர் அதன் பின்னாலேயே நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சமதரைக்கு வந்தபோது ஒன்பது இருபத்தைந்து, இன்னும் இருபத்தொன்பது கிலோமீட்டர், பேட்டரியில் சரிபாதி. அறுபதில் போனால் பேட்டரி கால்பங்குக்கு மேல் மிஞ்சும், ஆனால் கூடத்தின் மாடி ஏறும்போது பத்து அடித்துவிடும், வழியில் ஒரு ரயில்வே கேட் வேறு. மிச்சம் பிடித்தது எதற்கு, தேவைப்படும்போது செலவழிக்கத்தானே? ஏசியைப் போட்டேன். லாரியைத் தாண்டினேன். முடிந்த இடத்திலெல்லாம் தொண்ணூறில் போனேன், கேட் திறந்திருந்தது, வழியெல்லாம் சிரித்தேன். ஒன்பது நாற்பத்தேழுக்குப் பதினொரு சதவீதத்தோடு உள்ளே நுழைந்தேன். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

உன் அப்பாவுக்குப் போன் செய்து பதினொன்று என்றேன். 'கணக்குப்படி இருபத்தஞ்சுக்கு மேல இருக்கணுமே, என்ன பண்ணினே?' என்றார். உள்ளதைச் சொன்னேன். மைதானத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி, 'அப்படிப் போடு!' என்று கத்தினார். இதைப் புது மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இழுப்பறை ஒன்று திறக்கவில்லை. கார் சுவரோரமாகச் சார்ஜ் ஏறி நிற்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், தொண்ணூற்றாறு. கிளம்புகிறேன்.