எந்த ஊர் மணி?

அன்புத் தம்பி சேதுவுக்கு,

நீ இருந்தவரை உன்னை இப்படி அழைத்ததில்லை. "என்னய்யா ரெப்பு" என்பேன். நீயும் "என்னங்க வக்கீலய்யா" என்பாய். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் பேசிக்கொண்ட லட்சணம் அது. இப்போது அன்பு என்று எழுதிவிட்டு, அடுத்த வரி ஓடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் முதல் வருஷத் திவசம் முடிந்துவிட்டது. உன்னைப் பெற்ற சின்னம்மா எல்லோருக்கும் தன் கையாலேயே பரிமாறினாள். என் இலைக்கு வந்தபோது மட்டும் பாயச வாளியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உன் மருந்துக் கம்பெனியில் உன் இடத்துக்கு ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். டை கட்டுகிறான், பை தூக்குகிறான், டாக்டர்கள் வீட்டு வாசலில் நிற்கிறான். ஆனால் ஒரே ஒரு கடிகாரம்தான் கட்டுகிறான்.

நீ இரண்டு கட்டியவன். இடக்கையில் சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். அது காரைக்கால் மணி. வலக்கையில் மாலதி பொங்கலுக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்பிய டிஜிட்டல்; அது பாரிஸ் மணி. பெண்டாட்டி இருக்கிற ஊரின் மணியை நம் ஊருக்கு மாற்ற நீ ஒப்பவே இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது "தம்பி, மணி என்ன?" என்றால், "எந்த ஊர் மணிங்க?" என்று திருப்பிக் கேட்பாய். ஒருமுறை நெரவிக்காரர் ஒருவர், "இந்த ஊர் மணிக்கே பஸ்ஸைக் காணும், இவரு எந்த ஊர்னு கேக்குறாரு பாரு" என்றார். கடையே சிரித்தது. முதலில் சிரித்தவன் நீதான்.

உன்னைப்போல் ஒழுங்கானவனை நான் பார்த்ததில்லை. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. உன் பையில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வேலை. சட்டைப்பையில் வெளிச்சம் பட்டால் ஓடுகிற கால்குலேட்டர். டாக்டரிடம் பேசவேண்டிய இங்கிலீஷை டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டு, பிடிக்காமல் மறுபடி பதிவாய். என் மேசையைப் பார்த்து, "அண்ணே, இதுல ஒரு கேஸ் கட்டைத் தூக்கினா அடியில கட்சிக்காரனே படுத்துக் கிடப்பான் போலிருக்கே" என்றாய். வாய்தா தேதிகளை நான் மறக்காமலிருக்க மூன்று நிறத்தில் அட்டைகள் வாங்கிக் கொடுத்தாய். கரண்ட் போனபோது அவற்றால் விசிறிக்கொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் போனபோது உன் அப்பா வரிசையில் நின்று, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். என் அப்பா கடைத்தெருவில் சீட்டாடிக்கொண்டிருந்தார். கெடு முடிந்துவிட்டது. சட்டமும் படித்து பிரெஞ்சும் படித்த நான் இங்கே வாய்தா வாங்கிக்கொண்டு நிற்க, பட்டப் படிப்பில் ஒரு பேப்பரை இரண்டாம் முறை எழுதிய உன் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்போர்ட். இதை நான் மன்னித்ததில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் எல்லோர்மேலும் பட்டேன்.

மாலதி தீபாவளி கழித்துத் தன் பெற்றோரோடு பாரிஸ் போனாள். இங்கே வேலையை முடித்துக்கொண்டு நீ பின்னால் போவதாக ஏற்பாடு. நம் இரண்டு வீட்டில் போன் இருந்தது என் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் பகல் பன்னிரண்டுக்கு அவள் கூப்பிடுவாள். நமக்கு அது மாலை நாலரை. நீ குளித்து, பவுடர் போட்டு, தலை வாரி, போனுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவாய். அவள் போன் வழியாக உன்னைப் பார்க்கப்போவதுபோல. வலக்கைக் கடிகாரம் பீப் பீப் என்று கத்தும். அது ஓய்வதற்குள் போன் அடிக்கும். "மேளம் வந்துருச்சு, பொண்ணும் வந்துரும்" என்று உன் அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

அந்த லைனில் ஒரு கோளாறு உண்டு, நினைவிருக்கிறதா? நாம் பேசியது ஒரு மூச்சு கழித்து நம் காதுக்கே திரும்பி வரும். நான் "ஹலோ" என்றால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரலே "ஹலோ" என்னும். "அண்ணே, பாரிஸ்லயும் ஒரு வக்கீல் உங்களை மாதிரியே எரிஞ்சு விழுறாரு" என்று கிண்டல் செய்வாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்திருந்தேன். மூன்றரைக்குப் போன் அடித்தது. மாலதி.

"அவுங்க இருக்காங்களா அத்தான்?"

"இன்னும் வரலையேம்மா" என்றேன். என் குரல் போய்த் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. இன்னும் வரலையேம்மா. அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். லைன் அறுந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நாலரைக்கு நீ வந்தாய். சொன்னேன்.

"என்னண்ணே, மார்ச்சுலயே ஏப்ரல் ஃபூலா?" என்று சிரித்தாய்.

"விளையாடலப்பா. போன் வந்து ஒரு மணி நேரமாச்சு."

வலக்கையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினாய். அந்த நொடியில் அது கத்தியது. "இப்பத்தாண்ணே அங்க பன்னண்டு. பதினோரு மணிக்கு அவ ஏன் கூப்புடுறா?"

எனக்கென்ன தெரியும்? நீ உட்கார்ந்தாய். விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தாய். போன் அடிக்கவில்லை. எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாய். "அவகிட்ட என்ன சொல்லி வச்சீங்க?"

"நீ இன்னும் வரலைன்னு சொன்னேன்."

"என் வாட்சு பொய் சொல்லாதுண்ணே."

"அப்ப நான் சொல்றேனா?"

"அந்தப் பாஸ்போர்ட்டு உங்களுக்கு ரொம்ப நாளா உறுத்துது. எனக்குத் தெரியாதா?"

நாம் கடைசியாகப் பேசியது அது. அந்த வாரமே, நாகூரிலிருந்து திரும்பும்போது, கீழவாஞ்சூர் பக்கம் திரும்பிய ஒரு லாரியில் உன் பைக் மோதியது.

ஆஸ்பத்திரியில் உன்னை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். இடக்கைக் கடிகாரம் நொறுங்கி நின்றுபோயிருந்தது. சின்னம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். நாலரை ஆயிற்று. துணிக்குள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம் வந்தது. சின்னம்மா எழுந்து துணியை விலக்கி, "சேது, மணியாச்சுடா, போன் வந்துரும், எந்திரிடா" என்றாள். அழுதுகொண்டிருந்த எல்லோரும் ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்துவிடுவாய் என்று நானும் பார்த்தேன், சேது. உனக்கு இந்த ஊர் மணி நின்றுவிட்டது. அந்த ஊர் மணி ஓடிக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ வீட்டில் சொல்லியிருக்கிறாய். "மனசு கசந்து போயிட்டான் புள்ள" என்று யாரோ என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஊரெல்லாம் பேசட்டும். நீ என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாயே, அதை எந்தக் கோர்ட்டில் போய்த் தீர்ப்பது?

கருமாதிக்கு மாலதி வந்து சேர்ந்தாள். அவள்தான் சொன்னாள். "அன்னிக்கு அங்க மணியை மாத்திட்டாங்க அத்தான். கோடை வந்தா நாடு முழுக்க ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுருவாங்களாம். எனக்கே பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். நான் பன்னண்டுக்குத்தான் கூப்புட்டேன். அறுந்தப்புறம் லைனே கெடைக்கல."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அங்கே யார் நம்பினார்கள்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா பென்ஷன்காரர்கள்கூட, "எங்க காலத்துல அப்படியெல்லாம் கெடையாதே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். "ஊரே கூடி மணியை மாத்துமா? அப்ப சூரியன் என்ன பண்ணும்?" என்றாள் சின்னம்மா. குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் என்று மருமகள் பூசி மெழுகுகிறாள் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். மாலதி பாரிஸ் திரும்பிவிட்டாள். கடிகாரத்தைச் சின்னம்மா என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "இது தெனம் அவனைக் கூப்புடுது. என்னால கேக்க முடியல. உன்னாலதானே, நீயே வச்சுக்க."

பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதை நிறுத்தும் விதம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் நாலரைக்குப் பீரோவுக்குள்ளிருந்து கத்தும். உன் அண்ணி காபிக்கு அடுப்பு மூட்டுவதே அதைக் கேட்டுத்தான். காரைக்கால்மேட்டிலிருந்து படகுத் தகராறு ஒன்றுக்காக வந்த கட்சிக்காரர், "அய்யா, பீரோவுல கோழிக்குஞ்சு மாட்டிக்கிட்டிருக்கு போலருக்கே" என்றார். "அது என் தம்பி" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு வக்கீல் வைத்துக்கொண்டார்.

கோடை முழுவதும் அது நாலரைக்கே கத்தியது. பாரிஸில் அப்போது மணி ஒன்று. செத்தும் பிடிவாதம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். செப்டம்பர் முடிவில் அங்கே மணியைப் பழையபடி வைத்தார்கள். யாரும் தொடாமலே உன் கடிகாரம் சரியாகிவிட்டது. "பார்த்தீங்களா, நான்தான் சரி" என்று நீ சொல்வதுபோலவே இருந்தது.

இந்த வருஷம் மார்ச் கடைசி ஞாயிறு. எனக்கு அந்த நாள் ஞாபகத்தில்கூட இல்லை. மறுநாள் வழக்குக்காகக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். பீரோவுக்குள் பீப் பீப்.

"இன்னிக்கு என்ன சீக்கிரமா கத்துது?" என்றாள் உன் அண்ணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வாங்கித் திறந்தேன். உன் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. கையில் எடுத்தேன். அது ஓய்வதற்குள் போன் அடித்தது.

எடுத்தேன். கடல் இரைச்சல்போல ஒன்று கேட்டது. பிறகு ஒரு குரல். தூக்கம் கலைந்த, கொஞ்சம் கரகரத்த குரல். என் குரல்.

"இன்னும் வரலையேம்மா."

நான் வாயே திறக்கவில்லை, சேது. போன வருஷம் நான் சொன்ன சொல், போன வருஷத்துக் குரலில், இப்போதுதான் திரும்பி வந்தது. ஒரே ஒரு முறை. அப்புறம் லைனில் ஒன்றும் இல்லை. கையிலிருந்த கடிகாரமும் கத்தி ஓய்ந்தது. காபிக்கு அடுப்பு மூட்டப் போன உன் அண்ணி, போனுக்குப் பக்கத்து நாற்காலியண்டை நின்று மூக்கை உறிஞ்சினாள். "யாருங்க இங்க பவுடர் போட்டது?" என்றாள்.

மறுநாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரித்தேன். "பாரிஸ் காலா? உங்க நம்பருக்கு நேத்து ஒண்ணும் வரலையே சார்" என்றார்கள். கடிகாரத்தைக் கடைத்தெரு வாட்ச் கடை பாயிடம் கொண்டுபோய், எங்காவது இடித்து மணி மாறியிருக்குமா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். "இடிச்சா மாறாதுங்க. இந்தப் பட்டனை அழுத்திப் புடிச்சுக்கிட்டே அந்தப் பட்டனை ஒரு தட்டு தட்டணும். தெரிஞ்ச ஆளு யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்க."

"வீட்டுல யாருக்கும் தெரியாது பாய்."

"அப்ப யாரு வாட்சோ அவரையே கேளுங்க."

அதைத்தான் கேட்கிறேன். நீதானே?

சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீயே மாத்தி வச்சுட்டு எங்கிட்ட வந்து கதை வுடுறியா? வக்கீல் புத்தி எங்க போவும்?" என்றாள். முன்பென்றால் அந்தப் படியை விட்டு இறங்குவதற்குள் பத்து வருஷத்துக்கான கோபத்தைச் சேர்த்திருப்பேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை. நம்ப வேண்டியவன் நம்பிவிட்டான் என்றால் மற்றவர்கள் எப்படி நினைத்தால் எனக்கென்ன? சரியான மணிக்கு வந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்து, அன்று அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டுவிட்டுத்தானே போனாய்? கேட்டாய்தானே?

வாய் விட்டு ஒரு "தப்புண்ணே" சொல்லியிருக்கலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டுப் போவது மன்னிப்புக் கேட்டதாகுமா? நீ எப்போதுமே அப்படித்தான். போகட்டும்.

செப்டம்பரில் அங்கே மறுபடியும் மாற்றுவார்கள். நான் கடிகாரத்தைத் தொடமாட்டேன். பீரோவையும் இனிப் பூட்டமாட்டேன். பேட்டரி தீர்ந்தால் பாயிடம் கொடுத்துப் போட்டு வருவேன். மணியை நீயே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலியில் கட்டு எதையும் அடுக்காமல் காலியாக விட்டுவைப்பேன். உன் கடிகாரம் கத்தி, அதன் பின்னால் போன் அடித்தால், நான் எடுக்கமாட்டேன். உன் அண்ணியையும் அழைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவேன். இது சத்தியம்.

உனக்கு வந்த போன். நீயே எடுத்துப் பேசு.

இப்படிக்கு,
அன்றும் பொய் சொல்லாத
உன் பெரியப்பா மகன், உன் அண்ணன்.