மூடக்கூடாத கேட்

மாண்புமிகு மாக்சன் சமூகத்திற்கு,

என் இடது காலுறை இன்று காலை பண்ணைச் சேற்றில் காலமானது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். வலது காலுறை துக்கத்தில் இருக்கிறது. மலர்வளையம் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் போதும்.

மற்றபடி நான் கைதி. முன்னால் மலை, பின்னால் மலை, மேலே மழை. சிக்னல் இல்லாததால்தான் உனக்கு இந்தக் கையெழுத்தைப் படிக்கும் யோகம். அப்பாவுக்கோ இதுதான் சொர்க்கம். விடியும்போதே பூட்ஸை மாட்டிக்கொண்டு, "எந்திரிடா, பருந்து வந்திருக்கு" என்கிறார். பருந்துக்கு வேறு வேலை இல்லை, சரி. எனக்குமா?

கவலைப்படாதே. இந்தக் கடிதம் வந்து சேருமுன் நானே நம் ஊர் கார்டிஃபுக்கு வந்துவிடுவேன். எல்லாம் என் மூளையின் வேலை. நேற்று மலையிலிருந்து இறங்கும்போது, அப்பாவுக்குப் பின்னால் வந்த நான், இரண்டு மேய்ச்சல் வயல்களுக்கு நடுவே திறந்திருந்த கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டேன். தாய் ஆடுகள் கீழ் வயலில். குட்டிகள் மேல் வயலில். பசி வந்ததும் குட்டிகள் போட்ட கத்தலில் மலையே அதிர்ந்தது. ஒன்று கம்பிவேலியில் தலையை நுழைத்து மாட்டிக்கொண்டது. அப்பாதான் ஓடிப்போய்க் கம்பியை வளைத்து எடுத்தார். அவர் உள்ளங்கை கிழிந்துவிட்டது. குட்டி இன்னும் எழுந்து நிற்கவில்லை.

ஆடுகளுக்குச் சொந்தக்காரரும் இந்தக் குடிலை வாடகைக்கு விடுபவருமான மெரெரித் அம்மாள், அப்பாவின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மலையேற பூட்ஸு மட்டும் இருந்தாப் போதுமா, காது வேணாம்? தொறந்த கேட்டு தொறந்தே கெடக்கணும், மூடின கேட்டு மூடியே கெடக்கணும்னு வந்த அன்னிக்கே சொன்னேனே. யாருய்யா மூடினது?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாம்மா" என்றார்.

நாளைக் காலையில் குடிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அந்த அம்மாள். விடுதலை! எப்படி என் திட்டம்?

அப்பா இப்போது மூட்டை கட்டுகிறார். கட்டுப்போட்ட கையால் வரைபடத்தை மடிக்கிறார். மடிப்பு சரியாக வரவில்லை. நாளை ஏறவிருந்த சிகரத்தின்மேல் பென்சிலால் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறார். ஒன்று பெரிது, பக்கத்தில் ஒன்று சிறிது.

மாக்சன், திட்டமெல்லாம் கிடையாது. யாரோ மறந்து திறந்துபோட்டுவிட்டார்கள், நல்ல பிள்ளையாகச் சாத்துவோம் என்றுதான் சாத்தினேன். அந்த அம்மாள் விதிமுறை சொன்னபோது நான் அவர் முதுகுக்குப் பின்னால் கோழி மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். "யாரு?" என்று கேட்டபோது மட்டும் எனக்கு வாய் வரவில்லை. வருடத்தில் இந்த ஒரு வாரம்தான் நான் அப்பாவோடு. மீதியெல்லாம் அம்மா வீடு. இருந்த ஒரு வாரத்துக்கும் நானே கொக்கி போட்டுவிட்டேன்.

முற்றத்தைத் தாண்டினால் அந்த அம்மாளின் சமையலறை. குட்டியை அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் படுக்கவைத்திருக்கிறார். அங்கே போய் “மூடினது நான்தான்” என்று சொல்வதைத் தள்ளிப்போடத்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டதும் எழுந்துவிடுவேன். குட்டி பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். அப்படியே, அந்த அம்மாள் மனமிரங்கி எங்கள் இரண்டு பேரையும் இங்கேயே அடைத்துவைக்க வேண்டும் என்றும்.

இப்படிக்கு,
கையெழுத்தை மிக மிக மெதுவாகப் போடும்
இயோலோ